பக்கத்து சீட்டுக்காரரின் குறிப்புகள்

பிச்சாட்டூரிலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட். பக்கத்தில் தினமும் அந்த மெக்கானிக். சட்டைப் பையில் டெஸ்டர், விரலெல்லாம் கிரீஸ். அந்த விரலாலேயே ஓயாமல் போனில் ஏதாவது எழுதுவார். இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"வூட்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு ஓடிக்கினே இருக்கு சார். இதுல எழுதினா அங்க ஏறிடும். நம்ம எழுத்து நம்ம வூட்லதான் இருக்கணும்."

ஒருநாள் அவர் போனில் சார்ஜ் இல்லை. என் போனை வாங்கி, தன் குறிப்புப் பக்கத்தைத் திறந்து எழுதிவிட்டு, மூடாமலே திருப்பித் தந்தார். அன்றிலிருந்து அவர் எழுதுவதெல்லாம் எனக்கும் வந்தது. பேரிங் நம்பர், மோட்டார் ரிப்பேர் வீடியோ லிங்க், பொண்ணுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமில்லாமல் மூன்று வாரம் படித்தேன்.

அப்புறம் ஒரு காலை, பக்கத்து சீட்டில் அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் போனில் வந்து விழுந்தது: "ஜன்னல் சீட்டு சார் இதப் படிக்கிறார்னு தெரியும். அவர் வேலை பாக்குற லைனையே மூடுறாங்க, மெஷின் எல்லாத்தையும் என்னைக் கழட்டச் சொல்லிட்டாங்க. மூஞ்சப் பாத்து சொல்ல வாய் வரல."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை நீட்டி, "மூடிடுங்க" என்றேன்.

"பர்வாலேது சார், இருக்கட்டும்" என்றார், திரும்பாமலே. "எங்கனா வேலை இருந்தா அதுலதான் போடுவேன்."