நரம்புச் சிலந்தியும் எங்கள் கிணறும்

முதலில் அரிப்புதான். வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம். கடலைச் செடி பிடுங்கும்போது முள் தைத்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் அது உடைந்து, வெள்ளை நூல் போல ஒன்று தலை நீட்டியது. நரம்புச் சிலந்தி (குடிக்கும் தண்ணீரோடு உள்ளே போய், ஓராண்டு உடலுக்குள் வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வரும் புழு).

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த காலம். ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் சேரிக்கு அந்த நோய் புதிதல்ல. அதே வாரம் என் கணவரின் தங்கை ராக்காயிக்கும் முழங்காலருகே வந்தது. கூலிக்குப் போக முடியாமல் இருவரும் ஒரே கூரையின் கீழ் படுத்தோம்.

புழுவை இழுக்கக் கூடாது. குச்சியில் சுற்றி, நாள்தோறும் ஒரு விரற்கடை திருக வேண்டும். அறுந்தால் உள்ளேயே சீழ் பிடித்துக் கால் மடங்கிவிடும். திருகும்போது உயிர் போய் வரும். அப்படி ஒரு மாலையில்தான் ராக்காயி கேட்டாள்.

"மதினி, இன்னிக்கி நமக்கு என்ன நல்லது நடந்துச்சு, சொல்லுங்க."

"நல்லதா? நமக்கா? பேசாமக் கெட."

"பண்ணையில குடுத்தது சேத்தி இல்ல. நம்ம சனம் செஞ்சத மட்டும் சொல்லணும்."

வலியை மறக்க எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. "ஒங்கண்ணன் கஞ்சி காச்சுனாரு."

"உப்பு?"

"அத மறந்துட்டாரு."

இருவரும் சிரித்துவிட்டோம்.

நன்றி என்றால் எங்களுக்குப் பழைய சோற்றுக்கும் பழைய துணிக்கும் குனிந்து நின்று காட்டுவது. எங்களுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. இப்போது விறகு கொண்டுவந்து போட்டவள், புண்ணுக்கு ஊமத்தை இலை வதக்கிக் கட்டியவர் என்று எல்லார் பெயரையும் உரக்கச் சொன்னோம். கேட்டவர்கள் கூச்சப்பட்டார்கள். பிறகு அவர்களும் மாலையில் வந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்கள்.

ஒருநாள் ராக்காயியின் புழு அறுந்தது. காய்ச்சல் கொதித்தது. மாட்டுவண்டியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார்.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"குட்டைத் தண்ணிங்க அய்யா. ஊர்க் கெணத்துல எங்கள விட மாட்டாங்க."

"புண்ணோட குட்டையில எறங்கினா புழுக்குஞ்சு தண்ணியில கலந்துரும். அதத்தான் திரும்பக் குடிக்கிறீங்க. துணியில வடிகட்டுங்க. முடிஞ்சா, யாரும் கால் வைக்காத கெணறு ஒண்ணு வேணும்."

ராக்காயி பிழைத்தாள். முழங்கால் மடங்கியது மடங்கியதுதான். வீடு திரும்பிய மாலையில், இன்று என்ன நல்லது நடந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"கேளுங்க மதினி," என்றாள் அவளே.

கேட்டேன்.

"வண்டியில வாரப்ப என் கால மடியில வச்சுக்கிட்டீங்க. ஒரு குலுக்கல் தெரியல."

நான் அழுதேன். மறுநாள் எல்லாரும் கூடியபோது, டாக்டர் சொன்னதை அவள்தான் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்ட ஆரம்பித்தோம். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் பொழுது சாயச் செம்பாறையை உடைத்தார்கள். நான் கட்டுப்போட்ட காலோடு கரையில் உட்கார்ந்து மண்கூடை வாங்கினேன்.

பண்ணையின் காரியக்காரர் வந்து நின்றார். "நாங்க விட்ட குட்டை போதாதா? நன்றி கெட்ட சனம்."

கம்பை ஊன்றி ராக்காயி எழுந்தாள். "நன்றி நெறயா இருக்குங்க. இந்தா, வெட்டுற கைக்கெல்லாம் தெனமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்."

ஒரு மண்வெட்டியும் நிற்கவில்லை. அதன் பிறகு பண்ணையில் எங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். வேற்றூருக்கு நடந்து போய்க் கூலி செய்தோம். தண்ணீர் கண்டது. கைப்பிடிச் சுவரும் எழுப்பினோம்.

நீண்ட நோயில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்லதைச் சொல்வதால் புழு வெளியே வராது. ஆனால் சொல்லக் கேட்க நாலு பேர் வந்து உட்காருவார்கள். எங்கள் கிணற்றை வெட்டியது அந்த நாலு பேர்தான்.

என் கால் ஆறியது. ஆனாலும் குட்டையில் கடைசியாகக் குடித்த தண்ணீர் எங்களுக்குள் இருந்தது. குளிக்கும்போதெல்லாம் காலைத் தடவிப் பார்ப்பேன். போன வருஷத்தையும் உடம்பு சுமந்துகொண்டிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மறு ஆண்டும் சிலருக்கு வந்தது. அதற்கடுத்த ஆண்டு கடலை பிடுங்கும்போது எங்கள் தெருவில் ஒரு காலிலும் கட்டு இல்லை.

எல்லாரும் வேலைக்குக் கிளம்பினோம். முன்னால் ராக்காயி, சாய்ந்து சாய்ந்து, நிமிர்ந்த தலையோடு. அவளை யாரும் முந்தவில்லை. அவள் நடக்கும் வேகம்தான் எங்கள் தெருவின் வேகமாக இருந்தது.