அளவு தப்பிய வில்

வில் செய்வதற்கு முதலில் வேண்டியது மரமில்லை, ஆள். யார் இழுக்கப்போகிறாரோ அவருடைய கையை அளந்த பிறகுதான் மரத்தில் கத்தி வைக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் எங்கள் சித்தப்பா வில் செய்யும்போது பக்கத்திலேயே குந்திப் பார்த்தவள் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மலேசியாவில், பீடோருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எழுபதுகளின் ஆரம்பம், எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்குத் தச்சு வேலை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் கதவு, சன்னல், கூரை என்று எது உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முப்பத்து மூன்று வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் பலகாரத்தைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டார் என்று அம்மா சொல்லிக்காட்டுவார். அவர் அப்படித்தான். மரத்தோடு பேசுவார், மனிதரோடு பேசமாட்டார். நானும் கிட்டத்தட்ட அதே மாதிரி என்பதால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

ஒரு வருஷம் கோயில் திருவிழா நாடகத்துக்கு ஒரு வில் வேண்டுமென்று கேட்டார்கள். அட்டையில் செய்திருந்தால் போதும். சித்தப்பாவுக்கு அது தெரியவில்லை, நிஜ வில்லாகவே செய்துவிட்டார். ராஜா வேஷம் கட்டியவர் விளையாட்டாக விட்ட அம்பு, கொட்டகையைத் தாண்டிப் போய், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டுப் பப்பாளிக் காயில் குத்தி நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவரை விடவேயில்லை. வீட்டுக்குப் பின்னால், பழைய தகரம் போட்ட கோழிக்கொட்டாயில் பாதியைக் கோழிகளிடமிருந்து பிடுங்கிப் பட்டறையாக்கிக்கொண்டார்.

மரம் தெலுக் இந்தானிலிருந்து வரும். அங்கே ஆற்றோரத்தில் படகுத்துறைக்குக் கால் நடுகிற நிபோங் மரம். பனைக்குத் தம்பி மாதிரி இருக்கும், உடம்பெல்லாம் முள். உள்ளே மெத்தென்ற சோறு, வெளிப்பக்கம் மட்டும் இரும்பு. அந்த வெளிப்பக்கத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிளந்து, அம்மாவின் அடுப்புக்கு மேலே கட்டி மாதக்கணக்கில் புகையில் காயவைப்பார். குழம்பில் தூசு விழுகிறது என்று அம்மா தினமும் சண்டை பிடிப்பார். காய்ந்த பிறகு பாராங்கத்தியால் செதுக்கி, உடைந்த பாட்டில் கண்ணாடியால் சுரண்டுவார். சுரண்டுவது எல்லாம் உள்பக்கம்தான். வெளித்தோலில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. பால் வெட்டும்போது மரத்தில் காயம் பட்டால் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கத்துவாரே, அந்த மாதிரி. சுவரில் ஓர் ஆணியில் வில்லை மாட்டி, நாணில் கயிறு போட்டு இழுத்து, வில்லின் மேல் கையும் கீழ் கையும் ஒன்றுபோல் வளைகிறதா என்று பார்ப்பார். வளையாத இடத்தில் கரியால் கோடு போட்டு, மறுபடி சுரண்டுவார். இப்படி இருபது தடவை, முப்பது தடவை நடக்கும்.

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டாயில் ஓர் அக்கா வேலை செய்தார். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. அந்த அக்காவைப்போல உயரமான பொம்பளையை நான் அதுவரை பார்த்ததில்லை. நிலைப்படியில் எப்போதும் குனிந்துதான் நுழைவார். அந்தக் குனிவு பழகிப்போய் வெளியிலும் கூன் போட்டே நடப்பார். இருபத்தெட்டு வயது. பார்க்க வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். மண்டோர் பெண்சாதி அவருக்கு ‘நிபோங்’ என்று பேர் வைத்திருந்தார். அவர் காதுபடவே சொல்வார்.

ஆயாக்கொட்டாய்க்குக் குரங்குத் தொல்லை. கம்பிவலையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து பிள்ளைகளின் ரொட்டியைப் பறிக்கும். வலையை அடைக்கப் போன சித்தப்பா, அந்த அக்கா இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு குரங்கின்மேல் செருப்பு வீசுவதைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சும்மாவே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு நூல்கயிற்றைக் கொடுத்தார். அந்த அக்காவை இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரைக்கும் பிடித்து முடிச்சுப் போட்டு வர வேண்டும். ஏன் நீங்களே போகவில்லை என்று கேட்டேன். அம்புக்குப் போடுகிற பசை காய்ந்துவிடும் என்றார். அன்றைக்கு அவர் பசையே காய்ச்சவில்லை.

நான் போனேன். வாசலில் நின்றேன். அந்த அக்கா பிள்ளை ஒன்றுக்குத் தலை துவட்டிக்கொண்டே, என்னம்மா வேணும் என்று கேட்டார். கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையை விரிம்மா என்றேன், விரித்தார். அளந்தேன், முடிச்சுப் போட்டேன். பெரியவர்கள் எல்லாரும் பெரியவர்கள்தானே, எந்தப் பெரியவரை அளந்தால் என்ன என்பது என் கணக்கு.

சித்தப்பா கயிற்றை வாங்கித் தன் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தார். அவருடைய அளவைவிட நாலு விரல் குறைவாக இருந்தது. மறுபடி பிடித்தார். நல்லாத்தானே அளந்தே என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அப்புறம், அந்த அக்காவைவிடத் தான் கட்டையில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, விசில் அடிக்க ஆரம்பித்தார். அந்த வில் முடிகிற வரைக்கும், ஒரு மாதத்துக்குமேல் அந்த விசில் நிற்கவில்லை. அவ்வளவு அழகான வில்லை அவர் அதற்கு முன்னால் செய்ததில்லை. கறுப்புக் கோடு கோடாக, எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பாம்பு மாதிரி பளபளவென்று இருந்தது. குரங்கு சாகக்கூடாது, பயந்தால் போதும் என்று அம்பு முனையில் இரும்பு வைக்காமல், ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லோடு ஆயாக்கொட்டாய்க்குப் போனோம். செய்தி எப்படித்தான் பரவுமோ, அம்மாவையும் சேர்த்துப் பொம்பளைகள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சித்தப்பா வில்லை நீட்டினார். அந்த அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். “நிபோங் மரத்துக்கே நிபோங் வில்லா? நல்ல பொருத்தம்லா” என்றார் மண்டோர் பெண்சாதி. நாலு பேர் சிரித்தார்கள்.

அக்கா அம்பைப் பூட்டி இழுத்தார். நாணோடு கை பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. சித்தப்பாவின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். போதும் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார், அவருக்குத்தான் சட்டென்று பேச்சு வராதே. படார் என்று ஒரு சத்தம். மேல் பாதி பறந்துபோய்த் தகரத்தில் விழுந்தது. அக்காவின் மணிக்கட்டு கீறி ரத்தம் வந்திருந்தது.

 கூட்டத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்ததே, அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. அந்தக் கைக்கு மரத்தை வேரோடதான் புடுங்கிக் குடுக்கணும் என்று ஒரு குரல் கேட்டது. அக்கா கூனிக்கொண்டு, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

“எனக்கு எதுவும் பொருந்தாதுங்க. விட்டுருங்க.”

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். எல்லாம் என்னால் வந்தது, இப்போது சித்தப்பா என்னை இழுத்து நடுவில் நிறுத்துவார், கயிற்றுக் கதை வெளியே வரும், அம்மா விறகுக் கட்டையை எடுப்பார் என்று பயந்தேன்.

சித்தப்பா துண்டுகளை வாங்கினார். அத்தனை பேர் முன்னால் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நீங்க ஒண்ணும் உயரமில்லைங்க. வில்லுதான் கட்டை. அளவுல தப்பு என்னோடது.”

சிரிப்பு நின்றது. அந்த அக்கா அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெல்ல நிமிர்ந்தார். முழுசாக நிமிர்ந்தபோது சித்தப்பாவின் தலை அவர் காதுக்குத்தான் எட்டியது. சித்தப்பா நகரவில்லை, அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

“அப்ப அடுத்த தடவை நீங்களே வந்து அளந்துக்குங்க” என்றார் அக்கா.

வீட்டில் உலை கொதிப்பது ஞாபகம் வந்து மண்டோர் பெண்சாதி போய்விட்டார்.

சித்தப்பா அளக்கப் போனார். ஒரு தடவை போய் வந்தால் முடிகிற வேலைக்கு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை போனார். அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, ஊர் சிரிக்கும் என்றார். சிரித்தாச்சே, இனிமே என்ன என்று அப்பா சொன்னதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. தை மாதத்தில் தோட்டத்துக் கோயிலில் கலியாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் அழுதேன். சித்தப்பாவைப் பிரிகிற ஏக்கம் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள்.

அதுவா காரணம்? அன்றைக்கு அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது என்னைக் காப்பாற்றத்தான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். வில் உடைந்து அக்கா அவமானப்பட்டதற்கு ஈடாகத்தான் அவரை அந்த அக்காவுக்குக் கட்டிவைக்கிறார்கள், பாவம், என் தப்புக்கு அவர் மாட்டிக்கொண்டார் என்பது என் முடிவு. மனசு தாங்காமல் மணவறைப் பக்கம் போய், புதுச் சித்தியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். நான் உங்களை அளக்கவேயில்லை, எங்கம்மாவைத்தான் அளந்தேன், சித்தப்பாவை விட்டுருங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக அதுவரை எதுவும் வந்ததில்லை.

சித்தி என்னை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து பந்தல் முழுக்கத் தெரிந்தது. விட மாட்டேன் என்று என் காதில் சொல்லி, கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தார். தப்பை ஒத்துக்கொண்டால் அடிதான் விழும் என்று தயாராக வந்தவள் நான். முத்தம் எதற்கு என்று எனக்கு விளங்கவேயில்லை.