அண்ணனுக்குத் தைத்த பட்டி

என் அண்ணனுக்குக் குடல் இறங்கியது என்னால்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கடல் ஊருக்குள் ஏறிய அந்தக் காலையில் எங்கள் வீட்டுக் கூரையின் பெரிய வளைமரம் என் தொடையின் மேல் விழுந்து கிடந்தது. என் கணவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நான் சேற்றுக்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்தேன். ஊரின் மற்றப் பக்கத்தில், வாவிக்கரையில் தோணியோடு நின்ற அண்ணன் ஓடிவந்து, பலர் சேர்ந்து தூக்கவேண்டிய அந்த மரத்தைத் தனி ஆளாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் என்னை வெளியே தள்ளினார். தூக்கும்போது அவர் தொண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. வாழ்நாள் முழுக்க இவருக்கு நான் கடமைப்பட்டவள் என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன். எழுதியதை அழிக்கத் தெரியாமல்தான் பிறகு இவ்வளவு பாடுபட்டேன்.

எங்கள் ஊர் குருக்கள்மடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நாடாவைப் போலக் கிடக்கிறது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது நிவாரணக்காரர்கள் எனக்கு ஒரு தையல் மெசினைத் தந்தார்கள். நான் சட்டையும் பள்ளிக்கூட யூனிபோமும் தைத்துப் பிழைத்தேன். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அண்ணன் வந்து வாசற்படியில் இருந்தார். இருமினார். இருமும்போது இடது தொடை மடிப்பைக் கையால் பொத்திக்கொண்டார். என்னவென்று கேட்டேன். அங்கே ஒரு கோழிமுட்டை அளவுக்கு வீங்குகிறது, படுத்தால் உள்ளே போகிறது, எழும்பினால் வெளியே வருகிறது என்றார்.

“ஆருக்கும் சொல்லாத, புள்ள” என்றார். “ஒங்கட மச்சாளுக்கு மட்டும்தான் தெரியும்.”

காரணம் எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் கோயில் உரிமை எல்லாம் குடிப்படி. குடி தாய்வழியாக வரும். வைகாசிச் சடங்கில் அம்மன் ஊர் சுற்றும்போது பல்லக்கின் முன்கொம்பைத் தோளில் வாங்குகிற உரிமை எங்கள் குடிக்கு உரியது, அது அண்ணனிடம் இருந்தது. உடம்பில் குறை உள்ளவன் கொம்பைத் தொடக்கூடாது. குறை வெளியே தெரிந்தால் கொம்பு கைமாறும், அதே குடியில் வேறொரு வீட்டுக்காரர் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குத் தோணி, வலை, வீடு எல்லாவற்றையும்விட அந்தக் கொம்பு பெரிது.

புளியந்தீவில் டொக்டரிடம் போனார். ஒப்பிறேசன் செய்யவேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளில் அண்ணன் மீன் பிடிக்கப் போய்விட்டார். ஒப்பிறேசன் என்றால் ஆசுபத்திரி வாட்டில் படுக்கவேண்டும், படுத்தால் ஊரே தோடம்பழத்தோடு பார்க்க வந்து நிற்கும். பதிலாக மருந்துக்கடையில் ஒரு பட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். அதை யார் கண்டுபிடித்தாரோ, அவருக்குக் குடலும் இல்லை, இடுப்பும் இல்லை என்று நினைக்கிறேன். தோல் வாருக்குள் வளைந்த இரும்புப் பட்டை, நுனியில் வீக்கத்தை அமுக்கச் சிரட்டையைப் போல ஒரு கட்டை. உப்புத் தண்ணீரில் இரும்பு கறள் பிடித்தது. இடுப்பில் புண் வந்தது.

அதுவும் பரவாயில்லை. பாலத்தடியில் சோதனைச் சாவடியில் உடம்பைத் தடவிய ஆமிக்காரனின் கை இரும்பில் முட்டியது. அந்தக் காலத்தில் இடுப்பில் வாரும் பட்டியும் கட்டிக்கொண்டு வருகிறவன் என்றால் குண்டு கட்டியவன் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அண்ணனை றோட்டில் முழங்காலில் இருத்தி, துவக்கை நீட்டிக்கொண்டு, சாறத்தை அவிழ்க்கச் சொன்னார்களாம். பட்டியைக் கண்டதும் சிரித்தார்களாம். வரிசையில் எங்கள் ஊர் ஆள் ஒருவரும் இல்லாததுதான் அவருக்குப் பெரிய ஆறுதல். வந்து அந்தச் சாமானை என் மெசினுக்கு முன்னால் எறிந்தார்.

“இரும்பில்லாம ஒண்டு தைச்சுத் தா.”

நான் தைத்தேன். இலேசாகச் சொல்லிவிட்டேன், அது சரியாக வரப் பல மாதங்கள் பிடித்தன. முதலில் கட்டைக்குப் பதிலாக ஒரு சின்ன மெத்தை தைத்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்தேன். காய்ந்திருக்கும் மட்டும் சொகுசு. வாவிக்குள் இறங்கி வலை இழுத்து ஏறினால் பஞ்சு கட்டி கட்டியாகி ஒரு பக்கம் ஒதுங்கும், குடல் மற்றப் பக்கத்தால் எட்டிப் பார்க்கும். பிறகு அலை கொண்டுவந்து போட்ட சோடியில்லாத இறப்பர் செருப்புகளைப் பொறுக்கி, அடிப்பாகத்தை முட்டை வடிவில் வெட்டி, இரண்டை ஒட்டி, விளிம்பைச் சீமெந்துத் தரையில் உரசி உரசி மழுக்கினேன். மேலே பழைய சாறத் துணி. கடைப் பட்டியின் கட்டையைவிட அது நன்றாக இருந்தது, தண்ணீரும் குடிக்காது.

வார் மேலே ஏறிவிடாமல் இருக்கத் தொடையைச் சுற்றி ஒரு நாடா தேவைப்பட்டது. அந்த நாடாதான் என் உயிரை எடுத்தது. சீலைத் துணி அறுத்தது. இலாஸ்ரிக் கடித்தது. கடைசியில் பெனியன் துணியைக் குழாயாகத் தைத்துப் புரட்டிப்போட்டேன், அடங்கியது.

இறுக்கவும் இளக்கவும் ஒரு வழி வேண்டும். வயிறு காலையில் ஒரு அளவு, சாப்பிட்டபின் ஒரு அளவு. கரகரவென்று ஒட்டி உரிகிற நாடாவை வைத்துப் பார்த்தேன். சபையில் இருந்துகொண்டு அதை இளக்கினால் போடுகிற சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நிவாரணப் புத்தகப் பைகளின் வாரில் ஒரு பிளாஸ்ரிக் கொக்கி இருக்கும், சத்தமில்லாமல் வழுக்கும். அதைப் போட்டு, இழுக்கிற நுனியைச் சாற மடிப்புக்கு மேலே வரவிட்டேன். பார்க்கிறவர்களுக்குச் சாறத்தைச் சரிசெய்வதுபோல இருக்கும். அண்ணன் படுத்துக்கொண்டு, குடலை உள்ளே தள்ளி, பட்டியைக் கட்டி, எழும்பி நடந்து பார்த்தார்.

“எப்பிடி இரிக்கு?”

“ஒண்டுமே கட்டாத மாதிரி இரிக்கு.”

அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை வேறு எந்தச் சட்டைக்கும் பட்டதில்லை.

விசயம் எப்படியோ கசிந்தது. மச்சாளின் வாயாகத்தான் இருக்கவேண்டும். வேறு வீட்டுப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்கள் வரமாட்டார்கள், ஒரு பெண்ணிடம் அந்த இடத்துக்கு அளவு கொடுக்க முடியுமா? மனைவிமார் முடிச்சுப் போட்ட கயிற்றோடு வருவார்கள். இந்த முடிச்சு இடுப்பு, இந்த முடிச்சு தொடை. “எனக்கில்ல, வாழைச்சேனையில ஒரு சொந்தக்காரருக்கு” என்பார்கள். வாழைச்சேனையில் இவ்வளவு பேருக்குக் குடல் இறங்கியிருந்தால் அந்த ஊரில் ஒருவரும் நிமிர்ந்து நடக்கமாட்டார்கள். புருசனுக்குக் கூச்சம், அதனால் கயிற்றைச் சாறத்துக்கு மேலாகவே பிடித்து அளந்துகொண்டு வருவார்கள். நான் ஒவ்வொரு முடிச்சிலும் சாறத்தின் தடிப்பைக் கழித்துத்தான் வெட்டுவேன். யார் கேட்டாலும் சட்டை தைக்கிறேன் என்றே சொன்னேன். காயப்போடுவதுகூட உள்வீட்டில்தான். அவ்வளவு ஒழுங்காக அவர்களின் மானத்தைக் காத்தேன்.

வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த மாதம் அது. விடிந்ததும் ஊரைச் சுற்றிவளைத்து எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வீடுகளைச் சோதித்துவிட்டு வந்த ஆமிக்காரர்கள் ஒரு பொதியைக் கொண்டுவந்து தங்கள் பெரிய அதிகாரிக்கு முன்னால் கொட்டினார்கள். என் வீட்டில் பாதி தைத்துக் கிடந்த பட்டிகள். வார், கொக்கி, தடித்த மெத்தை. எனக்கே அந்த இடத்தில் பார்க்க அவை வேறொன்றாகத் தெரிந்தன.

யாருடைய வீடு என்று கேட்டார்கள். எழும்பிப் போனேன். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றார்.

“இது என்ன?”

“குடலிறக்கத்துக்குக் கட்டுற பட்டி, ஐயா.”

“ஆர் கட்டுற? ஆளைக் காட்டு.”

அந்த மைதானத்தில் என் பட்டியைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஒருவர் வாத்தியார், ஒருவர் கடை வைத்திருப்பவர், ஒருவர் கோயிலில் புராணம் படிப்பவர். ஒரு ஆள் எழும்பி, ஓம் ஐயா, நான் கட்டுகிறேன் என்று சொன்னால் முடிந்துவிடும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களை நான் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவர்கள் பிறத்தியார். என் கண் அண்ணனைத்தான் தேடியது.

“அண்ணன், சொல்லுங்க” என்றேன். “ஒங்களுக்குத் தைச்சதெண்டு சொல்லுங்க.”

பொலிஸ்காரர் அவரை எழும்பச் சொன்னார். அண்ணன் எழும்பினார்.

“அவ என்ர தங்கச்சிதான், ஐயா. என்ன தைக்கிறாவெண்டு எனக்குத் தெரியா. எனக்கு அப்பிடி ஒரு வருத்தமும் இல்ல.”

சொல்லிவிட்டுத் திரும்பக் குந்தினார். குந்தும்போது பழக்கத்தில் இடது கையால் பட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அவர் போட்டிருக்கிற சேட்டைத் தூக்கிப் பாருங்கள் என்று கத்த எனக்கு வாய் வந்தது. கத்தினால் பொய் சொன்னதற்கு அவரையும் ஏற்றுவார்கள் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன். என்னை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

பல நாட்கள் வைத்திருந்தார்கள். யார் சொல்லித் தைத்தாய், யாரிடம் கொடுத்தாய் என்று ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் கேட்டார்கள். மெத்தைகளைப் பிளேட்டால் கீறிப் பார்த்தார்கள். செருப்பு இறப்பர்தான் இருந்தது. கடைசியில் யாருக்கோ புத்தி வந்து ஒன்றை ஆசுபத்திரிக்கு அனுப்ப, அங்கே ஒரு டொக்டர் கையில் எடுத்ததும் இன்னதென்று சொல்லியிருக்கிறார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். யுத்தம் முடிந்துவிட்டதென்று றேடியோ சொன்ன கிழமை அது. பஸ் வரும் வழியெல்லாம் கொடி கட்டியிருந்தது. என்னை அங்கே ஒருவரும் தொடவில்லை. ஆனால் அதை ஊரில் யாரிடம் சொல்வது? யாரும் கேட்கவில்லை. கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்கள்.

உள்ளே இருந்த நாளெல்லாம் நான் அண்ணனுக்காக வழக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். மனிதன் பயந்துவிட்டான். முன்பு றோட்டில் முழங்காலில் இருந்தவன், திரும்ப எப்படி இருப்பான்? அந்த நேரத்தில் யார்தான் பயப்படவில்லை? இப்படிச் சொல்லிச் சொல்லி மன்னித்தும்விட்டேன். நான் வந்த மறுநாள் அவரே வந்தார். பட்டியை, என்னைக் கொண்டுபோன அன்றைக்கே வாவிக்குள் எறிந்துவிட்டாராம். துவாயைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

“புதுசா ஒண்டு வேணும், புள்ள. சடங்கு வருகுது.”

“நீங்க பயந்திட்டீங்க, எனக்கு விளங்குது” என்றேன். “அத விடுங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. “பயமா? ஆமிக்கு நான் பயப்படல்ல. ஊரே பாத்துக்கொண்டிருந்த. சேட்டத் தூக்கினா கொம்பு மற்ற வீட்டுக்குப் போயிரும். ஒன்ன எப்பிடியும் விடுவாங்களெண்டு எனக்குத் தெரியும்.”

“விடாட்டி?”

மெசினைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு நாள் நான் பேசிய வழக்கெல்லாம் அந்த இடத்தில் தோற்றது. பயம் என்றால் நான் பொறுத்திருப்பேன். அவர் அந்த மைதானத்தில் குந்தியிருந்து கணக்குப் பார்த்திருக்கிறார், ஒரு பக்கம் கொம்பு, மறு பக்கம் நான். என் கூடப்பிறந்தவர்.

ஆனாலும் தைத்தேன். பட்டி இல்லாமல் அந்தப் பாரத்தைத் தோளில் வாங்கினால் குடல் வெளியே வந்து இறுகிவிடும், ஆள் தப்பாது. என் தொடையில் வளைமரத்தின் தழும்பு இருக்கும்வரை அதற்கு நான் விடமுடியாது. தைத்து முடித்ததை வாசற்படியில் வைத்தேன், கையில் கொடுக்கவில்லை.

சடங்கன்று காலை வீட்டு வாசலில் கடப்படியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்து நின்றேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அம்மன் நிற்கும். நிற்பதும் நடப்பதும் முன்கொம்புக்காரனின் கையில். என் வீட்டுக்கு முன்னால் வரும்போது யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். ஆமி கொண்டுபோன பெண்ணின் வாசல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அண்ணன் கால் தளரவில்லை, நடையும் பிசகவில்லை. அம்மன் என்னைக் கடந்து பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றது. நான் நிறைகுடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

இதெல்லாம் நடந்து கன வருசம். தோள் தளர்ந்து கொம்பை எங்கள் குடியில் மருமகன் முறையான ஒருவனுக்குக் கொடுத்தபின் அண்ணன் ஒப்பிறேசன் செய்துகொண்டார். ஊரே தோடம்பழத்தோடு போய்ப் பார்த்தது. நானும் போனேன். இப்போது அவருக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் பொழுது போகாது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் நடுவில் இருந்துகொண்டு சொன்னார். கடல் வந்தது, தங்கச்சி மரத்துக்குக் கீழே கிடந்தாள், நான் தனி ஆளாகத் தூக்கினேன், அதில் வந்த வருத்தம் இது. சொல்லிக்கொண்டே எழும்பி நின்று, அத்தனை பேருக்கும் முன்னால் சேட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், எப்படிப்பட்ட அண்ணன் கிடைத்திருக்கிறார் என்ற பார்வை. நான் சாப்பாட்டுப் பந்தியில் இடம் பார்ப்பவள்போல எழும்பிப் போனேன். அந்தச் சேட்டை அன்றைக்கு மைதானத்தில் ஒருதரம் தூக்கியிருக்கலாம்.