புதருக்குள் பெரிய அண்ணி

பெரிய அண்ணி குப்புறப் படுத்திருக்கிறார். முகமூடிக்குக் கீழே, கழுத்தில் ஓர் எறும்பு ஊர்கிறது. தட்டிவிட மாட்டார். தட்டினால் இலை ஆடும். இலை ஆடினால் எதிரணிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவன் இன்னும் நாலு எட்டு வைக்கட்டும். வைத்தான். ‘டப்!’ நெஞ்சில் பச்சைச் சாயத்தோடு கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான், குண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே. அண்ணி அதற்குள் அடுத்த புதருக்கு ஊர்ந்துவிட்டார்.

என் மூத்த அண்ணனின் மனைவி அவர். வார நாட்களில் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. “நரம்பு கூச்சப்படும் தம்பி. அவசரப்பட்டுக் குத்தக் கூடாது. அதுவா தலை தூக்குற வரைக்கும் சும்மா இருக்கணும்” என்பார். ஞாயிற்றுக்கிழமை, சாயக் குண்டுகளால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பால் திடலிலும் இதே கொள்கைதான். வேலையிடத்துக்காரர்களோடு ஒருமுறை அங்கே போய்த் துப்பாக்கியைத் தொட்டவர், அப்புறம் எங்கள் குடும்பத்தையே இழுத்துவந்து ஓர் அணியாக்கிவிட்டார். அவருக்கு ஆட்டம் என்றால் காட்டாட்டம்தான்: மரம், பள்ளம், பதுங்கல், சத்தமில்லாமல் எதிராளியின் கொடியைத் தூக்கிக்கொண்டு வருவது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சின்ன அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும்வரை.

சின்ன அண்ணி நீச்சல் பயிற்சி தருபவர். கரையில் நின்று பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். ஓரிடத்தில் நிற்காத கால். அவருக்குப் பிடித்தது வேக ஆட்டம். புல்வெளியில் காற்றடைத்த பெரிய தடுப்புகளை நிறுத்தியிருப்பார்கள். மணி அடித்ததும் ஓடி, சறுக்கி, ஒன்றின் பின்னால் விழுந்து சரமாரியாகச் சுட வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டமெல்லாம் அந்தப் புல்வெளியைச் சுற்றிக் கட்டிய வலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

என் அப்பா மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே இடம் மாறினார். “சின்னவ சறுக்குறதப் பாத்தியாடா!” மூத்த அண்ணன் அதைச் செல்போனில் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

“என்னைய ஒரு தடவையாவது எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார் பெரிய அண்ணி.

“எடுத்தேனே! படத்துல புதர்தான் விழுந்துச்சு.”

அன்று எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. “நான் எவ்ளோ நல்லா ஆடுறனோ, அவ்ளோ கண்ணுக்குத் தெரிய மாட்டேன் தம்பி. அவ விழுந்தாக்கூடக் கை தட்டுறாங்க. அது ஒரு ஆட்டமா? வால்ல தீ புடிச்ச பூனை ஓடுற மாதிரி!”

சின்ன அண்ணிக்கு இந்தப் புகைச்சல் எதுவும் தெரியாது. “எப்படிக்கா அசையாம படுத்திருக்கீங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்கக்கா” என்று பின்னாலேயே வருவார். “அதெல்லாம் பொறவியிலயே வரணும்” என்பார் பெரிய அண்ணி, குண்டு நிரப்பும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

திடலின் ஆண்டுப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டோம். அது காவல் ஆட்டம். அணியில் ஒருவர் துப்பாக்கியில்லாத தலைவர். அவரை மற்றவர்கள் காட்டின் மறுமுனையிலுள்ள குடிலுக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். அவர்மேல் சாயம் பட்டால் தோல்வி. சீட்டுக் குலுக்கியதில் வந்தது சின்ன அண்ணியின் பெயர்.

“ஆடாமலே ராணியாயிட்டா” என்று என் காதில் முணுமுணுத்தார் பெரிய அண்ணி.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அவர் வேறு ஆள். முன்னால் ஊர்ந்து போய் வழி பார்த்தார். கையசைத்து எங்களை நகர்த்தினார். குறுக்கே வந்தவர்களையெல்லாம் வீழ்த்தினார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறிக் கடைசியில் நாங்கள் மூவர் மிஞ்சினோம். என்னிடம் குண்டு தீர்ந்துவிட்டது. குடில் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லைக் கயிற்றுக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: “வந்துட்டா! சின்னவ வந்துட்டா! ஜெயிச்சிட்டா!”

அப்போதுதான் மரத்தின் பின்னாலிருந்து ஒருவன் வெளிப்பட்டான். பெரிய அண்ணியின் துப்பாக்கிமுனை அவனோடு கூடவே மெல்ல நகர்வதைப் பார்த்தேன். விரல் விசையில் இருந்தது. அசையவில்லை. சின்ன அண்ணியின் முதுகில் ‘டப்’பென்று மஞ்சள் சாயம் வெடித்தது. அதற்குப் பிறகுதான் பெரிய அண்ணி சுட்டார். குறி தப்பவில்லை.

குழாயடியில் சின்ன அண்ணி கண்கலங்கி நின்றார். “நான்தான் அவசரப்பட்டு நிமிந்துட்டேன். உங்க பாடெல்லாம் வீணாப்போச்சுக்கா.”

“விடு. அவன் எங்க இருந்தான்னு எனக்கே தெரியல” என்றார் பெரிய அண்ணி. என் பக்கம் திரும்பவில்லை.

ஈரத்துணியை எடுத்துச் சின்ன அண்ணியின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தார். தோள், காதின் பின்புறம், கூந்தலில் தெறித்திருந்த துளிகள், எல்லாவற்றையும் நிதானமாக, வலிக்காமல் துடைத்தார். பின்னங்கழுத்தில் மட்டும், சின்ன அண்ணியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரு மஞ்சள் பொட்டு மிச்சமிருந்தது. பெரிய அண்ணி அதைப் பார்த்தார். துணியை நாலாக மடித்துக் குழாய்மேல் போட்டார்.

“எல்லாம் போயிடுச்சு, போ.”