முப்பத்திரண்டாம் பக்கத்து முகம்

எடைமேடையில் வேலை பார்ப்பவரோடு யாரும் நின்று பேசுவதில்லை. லாரி ஏறும், எண் தெரியும், சீட்டு கைமாறும், லாரி இறங்கும். இருபத்தாறு வருடமாக அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் கிலோ. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்ததா என்று தெரியாது. கூப்பிட்டால் திரும்புவார்.

எதிரே காகித ஆலை. அங்கே கரைப்பதற்காகப் பழைய காகிதம் ஏற்றி வரும் லாரிகளில்தான் அவருடைய புத்தகங்களும் வந்தன. முனை மழுங்கிய படக்கதைகள், அட்டையில் துப்பாக்கியும் பாதி முகமும் உள்ள மாத நாவல்கள், நடுவில் குத்திய கம்பி துருப்பிடித்த சித்திரத் தொடர்கள். முதல் தடவை அவர் ஒன்றை உருவியபோது ஓட்டுநர் சொன்னார்:

“அண்ணே, எடை போடறதுக்கு முன்னாடி எடுத்தா நட்பு. போட்ட பிறகு எடுத்தா திருட்டு. சீக்கிரம் பாத்து எடுங்க.”

அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். லாரி மேடையில் ஏறும் முன் கிடைக்கும் மூன்று நான்கு நிமிடத்தில் கைக்கு வந்ததை எடுப்பார். மேடை ஏறிய பிறகு மேலாக ஒரு நல்ல அட்டை தெரிந்தாலும் கையை நீட்ட மாட்டார்.

வீடு என்பது ஓர் அறையும் அதை ஒட்டிய சமையல் மேடையும். நான்கு சுவரில் மூன்று புத்தகத்துக்கு. இரண்டு நாற்காலியில் ஒன்றும் புத்தகத்துக்கு. அதை இறக்கி வைத்து யாரையும் உட்காரச் சொல்ல வேண்டிய தேவை இதுவரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காள் போன் செய்வாள்.

“டேய், இன்னும் அந்தக் குப்பையைத்தான் சேத்துக்கிட்டிருக்கியா?”

“குப்பை இல்லைக்கா.”

“குப்பை லாரியில வந்தது வேற என்னடா? புதையலா?”

அவர் சிரிப்பார்.

“நீயும் ஏதாவது பேசுடா. நானே பேசிட்டிருக்கேன்.”

“நீ பேசுக்கா, கேக்கறேன்.”

புத்தகங்களில் பெரும்பாலானவை சுமாரானவை. அவருக்கும் அது தெரியும். கொலைகாரன் யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் கடைசி வரி வரை படிப்பார், பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்பதுபோல.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வாடகை நூலகம் மூடப்பட்டு, அதன் சரக்கு இரண்டு லாரிகளில் வந்தது. அந்தப் புத்தகங்களில்தான் குறிகளைப் பார்த்தார். ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி தலைப்பு. எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பது யாருக்கும் நினைவிருக்காது. அதனால் நூலகத்துக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கத்தில் ரகசியமாக ஒரு குறி போட்டுவைப்பார்கள். அடுத்த முறை புத்தகத்தை எடுத்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். குறி இருந்தால் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம். ஒருவர் பதினோராம் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார். இன்னொருவர் ஐம்பதாம் பக்கத்தில் யார் படம் இருந்தாலும் மீசை வரைந்திருந்தார்.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் எண்ணுக்குக் கீழே இரண்டு புள்ளி, அடியில் நேராக ஒரு கோடு. சிரிக்காத ஒரு முகம். அவர் எடுத்து வந்த புத்தகங்களில் பாதிக்கு மேல் அந்த முகம் இருந்தது. தான் படித்ததில் பாதியைத் தனக்கு முன்பே ஒருவர் படித்திருக்கிறார் என்று அவருக்குப் பட்டது. அதன் பிறகு எந்தப் புத்தகத்தை முடித்தாலும் மனதுக்குள் அந்த ஆளிடம் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கமாகிவிட்டது.

அந்த ஆளிடம் கேட்க ஒரு கேள்வியும் இருந்தது. ‘கடைசிப் பெட்டியின் பயணி’ என்றொரு படக்கதை. அதில் துப்பறிகிறவர் ரயில் நிலையத்தில் நிற்கிறார், கொலைகாரன் ஏறிய ரயில் அவர் கண்முன்னே கிளம்பிப் போகிறது. அத்துடன் முற்றும். அவனை அடையாளம் தெரிந்தே போகவிட்டாரா, இல்லை தெரியாமல் விட்டுவிட்டாரா? ஒன்பது வருடத்தில் கிலோ அதை நாற்பது தடவையாவது படித்திருப்பார். கேட்பதற்கு, அதைப் படித்த இன்னொருவர் வேண்டும்.

இந்த வருடம் ஆலை வேறு ஊருக்குப் போகப்போகிறது என்று சொன்னார்கள். எடைமேடையையும் பெயர்த்துக்கொண்டு போவார்கள், அவரையும். போகும் முன் அந்த ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். புத்தகத்தில் இருந்த ரப்பர் முத்திரையில் தெருப் பெயர் இருந்தது. விடுமுறை நாளில் அந்தப் படக்கதையைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நூலகம் இருந்த இடத்தில் அதே உரிமையாளர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். முப்பத்திரண்டாம் பக்கத்தைக் காட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அட, இந்த மூஞ்சியா! சார், என் புத்தகத்துல கிறுக்கினவங்க மொத்தம் பதினாலு பேரு. எல்லாரும் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுக் கிறுக்கினாங்க. நானும் தெரியாத மாதிரியே இருந்தேன். கேட்டா வரமாட்டாங்களே.”

“இது யாருன்னு சொல்ல முடியுமா?”

“பல்செட்டம்மா. பின்னாடி தெரு, மாடி. ஒரு நாளைக்கு மூணு புத்தகம் சார். அப்படி ஒரு படிப்பு நான் பாத்ததில்லை.”

மூன்று புத்தகம். படி ஏறும்போது கிலோ முதல் வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் அறுபதைத் தாண்டியவர். மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். மேசை முழுக்க அச்சுத் தாடைகள், இளஞ்சிவப்பு மெழுகு, ஒரு சின்னச் சுடர். வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த மெழுகை வைக்காமலே சொன்னார்:

“உக்காருங்க. நாற்காலில இருக்கற தாடையை அந்தப் பக்கம் வைங்க, கடிக்காது.”

கிலோ உட்கார்ந்தார். தயார் செய்த வாக்கியம் மறந்துபோயிருந்தது. “இதுல... இந்தக் கடைசிப் படம். உங்களுக்கு என்ன தோணிச்சு?”

“எனக்கா? நான் இதுல ஒண்ணுகூடப் படிச்சதில்லை சார்.”

“குறி உங்களுதுதானே?”

“குறி என்னுது. படிச்சது என் தம்பி. வேலை செய்யற இடத்துல விழுந்துட்டான், பதினோரு வருஷம் படுக்கை. ஒரு தடவை படிச்சதையே மறுபடியும் கொண்டு வந்துட்டேன்னு சுவத்துல வீசினான். அப்புறம்தான் இந்தக் கிறுக்கல்.”

“கதையைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொல்வாரா?”

“சொல்வானே. ‘அடுத்தது’ன்னு சொல்வான்.”

தம்பி இறந்து எத்தனை வருடம் என்று அவர் கேட்கவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. அரம் ஒரு பல்லின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குறி வைத்தவர் படிக்கவில்லை. படித்தவர் எந்தக் குறியும் வைக்கவில்லை. கிலோ பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார்.

“அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. என்ன கதைன்னாவது சொல்லுங்க. மூணு மூணா சுமந்தேன், உள்ள என்ன இருந்துச்சுன்னே தெரியாது.”

கிலோ சொன்னார். யாருக்கும் கதை சொல்லிப் பழக்கமில்லாதவர். கொலைகாரன் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

“அதைச் சொல்லிட்டீங்கன்னா மீதி எதுக்கு சார்?”

“மீதிதான் கேள்வியே.” ரயில் நிலையத்தைச் சொன்னார். “தெரிஞ்சே விட்டாரா, தெரியாமலா?”

அம்மாள் பல்லை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். “தெரியாம இருக்குமா? தெரியும். அலுத்துப் போயிருப்பான். போய்த் தொலையட்டும்னு நின்னிருப்பான்.”

“இல்லை இல்லை,” என்றார் கிலோ, தானே எதிர்பாராத வேகத்தில். “அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.”

“ஆள் எப்படிப்பட்டவனா இருந்தா என்ன? உடம்புன்னு ஒண்ணு இருக்குல்ல?”

ஒன்பது வருடமாக மனதுக்குள் அவர் பேசிக்கொண்டிருந்த அந்த வாசகர் ஒரு நாள்கூட அவரை மறுத்துப் பேசியதில்லை.

புத்தகத்தை மேசை ஓரத்தில் வைத்தார். “வச்சுக்குங்க. நேரம் கிடைக்கும்போது பாருங்க.”

“வேண்டாம் சார்.” மெழுகு படாத விரலால் அதை அவர் பக்கமே தள்ளினார். “இந்த வீட்டுக்கு வந்த புத்தகம் போதும்.”

கிலோ விடைபெற்று இறங்கினார். பாதிப் படியில்தான் அம்மாளுக்குச் சொல்ல வேண்டிய பதில் வந்தது. அலுத்துப்போனவன் கையைத் தூக்கமாட்டான். கடைசிப் படத்தில் துப்பறிகிறவர் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார். அது விடை கொடுக்கிற கை. முதல் தடவை வந்த வீட்டில் இரண்டாம் முறை கதவைத் தட்டுவது சரியா என்று யோசித்தார். பிறகு ஏறிப் போய்த் தட்டினார்.

“கை,” என்றார் மூச்சு வாங்க. “கையைத் தூக்கியிருக்கார்.”

அந்த அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார்.

“விரட்டறதுக்கும் கையைத்தான் தூக்குவாங்க சார். படி செங்குத்து, பாத்து இறங்குங்க.” கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பேருந்தில் பக்கத்து இருக்கை காலி. கிலோ கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மலிவு அச்சு, மை ஊறி விரல்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. அழைக்கிற கையா, அனுப்புகிற கையா, விரட்டுகிற கையா என்று எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. நடத்துநர் வந்து, “இறங்கற இடம் தாண்டிட்டுதே, பாக்கலையா?” என்று கேட்கும் வரை பார்த்துக்கொண்டேயிருந்தார்.