தட்டில் தூவிய அறுகரிசி

மருமகன் தோட்டா நிரப்பும் மேசைக்கும் என் கட்டிலுக்கும் இடையில் பதினொரு அடி தூரம். 2009 முடிவில் பாரிஸின் லா சப்பலில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நானே அளந்தது. மருமகன் பாரிஸில் பிறந்தவன், விமான நிலையத்தில் வேலை. குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினன். அனுமதிப் பத்திரம், இரும்புப் பெட்டி எல்லாம் முறைப்படி இருந்தன. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைச் சுத்தம் செய்து, வெடிமருந்து நிரப்பி, வாயில் சன்னம் என்ற ஈயக் குண்டை அழுத்தித் திரும்பவும் தோட்டாவாக்குவான். ஊரில் சண்டைக்காலத்தில் வெடிச்சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய நான், அவன் அந்த மேசைக்கு வந்தாலே கட்டிலை விட்டு எழுந்துவிடுவேன்.

அவன் கவனமானவன்தான். ஒவ்வொரு கோதுக்கும் மருந்தை நிறுத்துப் போடுவான். சன்னம் வைக்குமுன் தட்டில் நிமிர்த்தி அடுக்கிய ஐம்பது கோதுகளுக்குள்ளும் கைவிளக்கை அடித்து எட்டிப் பார்ப்பான். அந்த நேரம் யாரும் பேசக்கூடாது. நான் நான்கு முறை எச்சரிக்கை சொன்னால், "மாமாதான் எங்கடை மெட்ரோ கொன்ட்ரோலர், டிக்கெட்டைக் காட்டுங்கோ" என்று மகளிடம் சிரிப்பான்.

ஒரு சரஸ்வதி பூசையன்று மருந்து போட்டு, விளக்கடித்துப் பார்த்து முடித்த நேரத்தில் வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்தது. தட்டை மூடியால் மூடிவிட்டு, மருந்துப் போத்தலை அலுமாரியில் பூட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகளின் புத்தகங்கள், தையல் மெசின், மடிக்கணினி எல்லாம் பூசைக்கு அடுக்கப்பட்டன. அவனுடைய கருவிகளுக்கும் பொட்டு வைக்கும்படி மகள் என்னிடம் சொன்னாள். நெருப்புக்குப் பயந்து கற்பூரம் வேண்டாமென்றேன். விளக்கைக்கூடக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் ஏற்றுவித்தேன். அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த நான், பூசைக்கு வைத்ததை மூடி வைக்கலாமா என்று தட்டின் மூடியைத் திறந்தேன். பத்துப் பத்தாக ஐந்து வரிசை. கண்ணாடி போடாத கண்ணுக்கு இன்னும் மருந்து போடாத வெறும் கோதுகளாகத்தான் தெரிந்தன. மஞ்சள் பூசிய அரிசியும் அறுகம்புல்லும் கலந்த அறுகரிசியை எல்லாவற்றின் மேலும் தூவினேன். பிறகு தட்டில் கிடந்த அரிசியையும் புல்லையும் பொறுக்கிவிட்டு மூடினேன்.

மறுநாள் மேசையில் ஐம்பது தோட்டாக்கள் பளபளத்தன.

"எப்ப மருந்து போட்டனீர்?"

"பூசைக்கு முதலே போட்டாச்சு மாமா. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அப்படியென்றால் நான் அறுகரிசி தூவியது மருந்து போட்ட கோதுகள் மேல். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: உள்ளே வேறு ஏதாவது விழுந்து இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், கூடினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். ஞாயிறு காலை அவன் சுடப் போவான். இடையில் இரண்டு நாள். சொன்னால் என்னை பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவில் இருக்கும் மூத்த மகளிடம் அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு நாளை வீணாக்கினேன். அந்த ஒரு நாளும் சாப்பாட்டு மேசையில் அவனுடைய வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் சொல்லிவிட்டேன்.

"அப்பா! எத்தினை அரிசி விழுந்திருக்கும்?" என்றாள் மகள்.

"எண்ணேல்லைப் பிள்ளை."

"படிக்கட்டையே எண்ணுற மனுசன், இதை எண்ணேல்லையோ?"

மருமகன் சிரிக்கவில்லை. தராசில் போட்டுப் பார்க்கலாமே என்றேன். கோதும் சன்னமும் ஒன்றுக்கொன்று நிறை வித்தியாசம், ஓர் அரிசி அதற்குள் மறைந்துவிடும் என்றான். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டு, எங்களைக் குசினிக்கு அனுப்பினான். சுத்தியல் போன்ற ஒரு கருவிக்குள் தோட்டாவை வைத்துத் தட்டினால் சன்னம் கழன்று மருந்து கொட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நான் கண்ணை மூடினேன்.

"மாமா, முப்பது முடிஞ்சுது. ஒண்டுமில்லை. போதுமோ?"

"போதாது. ஐம்பதையும் தட்டும்."

"அரிசி கட்டாயம் உள்ளுக்கை கிடக்கும் எண்டு நினைக்கிறியள் போலை," என்று மீண்டும் தட்டினான். முப்பத்தேழாவதில் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கடதாசியில், சாம்பல் நிற மருந்துக்கு நடுவில், மஞ்சள் பூசிய ஒரு முழு அரிசி. அவன் அதை விரல் நுனியால் ஒதுக்கினான்.

"மூடியிருந்தது எண்டு நான் திரும்பப் பாக்கேல்லை மாமா," என்றான்.

மிச்சம் பதின்மூன்றையும் தட்டி முடித்தான். நாற்பத்தாறாவதில் இன்னொன்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கும் போகவில்லை.