நாலு விரல் இடைவெளி

நைனா முகமதுவின் பிக்கப் வண்டிக்கு மந்தாரக்குப்பத்தில் ஒரு பெயர் உண்டு: பர்மனென்ட். ஊர்க்காரர்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். பெயின்டரை வீட்டுக்கே கூட்டிவந்து, வண்டியின் நெற்றியில் மஞ்சள் எழுத்தில் அவரே எழுதி வாங்கியது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருடம் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தவர் அவர். கூட மண் வாரியவர்கள் ஒவ்வொருவராக பர்மனென்ட் ஆனார்கள். இவர் பெயர் மட்டும் எந்த லிஸ்டிலும் வரவில்லை. ஒரு நாள் மதிய ஷிப்டில் சூப்பர்வைசர் ஏதோ சொல்லப்போக, ஹெல்மெட்டைக் கழற்றி அந்த ஆளின் மேஜைமேல் வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். கோபம் வந்துவிட்டால் முன்பின் பார்க்கிற ஆசாமி இல்லை. மறுமாதம் மனைவி சைபுன்னிசாவின் கழுத்தில் கிடந்தது போய், வாசலில் இந்த வண்டி வந்து நின்றது. அது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

அவர் பிழைப்பு வீடு காலி செய்து கொடுப்பது. நெய்வேலியில் முப்பது வருடம் வேலை பார்த்தாலும் குவார்ட்டர்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். தென்காசிக்காரர் தென்காசிக்கும் தர்மபுரிக்காரர் தர்மபுரிக்கும் போவார்கள். எல்லாரையும் கொண்டுபோய் விட்டுவருவது நைனா முகமதுதான். எந்த டைப் வீட்டில் பீரோவை நெட்டுக்குத்தலாகக் கொண்டுவரலாம், எதில் படுக்கவைத்துத்தான் தூக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாற்பது வருட ஷிப்டையும் முகம் சுளிக்காமல் பார்த்தவர்கள், காலி வீட்டைப் பூட்டும்போது உடைந்து அழுவார்கள். அந்த நேரத்தில் இவர் வண்டிக்குப் பின்னால் போய் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டினால் பண்ருட்டி ரோட்டுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் லாரி நுழையக் கூடாதென்று இரண்டு தூண் நட்டு, மேலே குறுக்காக ஒரு இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி என்று பெயர்தானே தவிர, ரயில் தண்டவாளத்தின் கனம் இருக்கும். வண்டி வாங்கிய முதல் வாரமே நைனா முகமது அதன் கீழே வண்டியை நிறுத்தி அளவெடுத்தார். சாமான் முன்னால் சரிந்து கேபினை நசுக்காமலிருக்க, கேபினுக்குப் பின்னால் ஒரு வளைவு வைக்க வேண்டியிருந்தது. பழைய இரும்பு ஏலத்தில் தடித்த குழாயாகப் பார்த்து எடுத்து, வளைத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிலேயே பற்றவைத்தார். வளைவின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே தன் நாலு விரல் நுழைய வேண்டும் என்று கணக்கு. சாமானை வளைவுக்கு மேலே ஒரு விரல்கூட ஏற்ற மாட்டார். ஏற்றச் சொல்லுகிறவர்களிடம், இன்னொரு நடை வருகிறேன், அதற்கு வாடகைகூட வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன மழைக்கு வளையமாதேவி கிராமத்துக்குப் போனார். சுரங்கத்துக்கு நிலம் போன சின்னம்மாள் என்பவளின் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, வயலோரச் சேற்றில் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வந்து இழுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கதவு நிலை, கட்டில், ஒரு வருடத்து நெல் எல்லாம் நனைந்தது. சின்னம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீடே போய்விட்டது, நெல்லுக்கு என்ன அழுவது என்று மட்டும் சொன்னாள். நைனா முகமதுவுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டிராக்டர்காரன் வேறு, கிழட்டு வண்டிக்கு இங்கே என்ன வேலை என்று சிரித்துத் தொலைத்தான்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. வயது அறுபத்தொன்று ஆகிறது, வண்டிக்கும் வயதாகிவிட்டது, போதும் என்றார்கள். வண்டி போனால் மறுபடி யாரிடமாவது போய் வேலை கேட்டு நிற்க வேண்டும். ஏதாவது ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு உட்கார வேண்டும். இந்த வண்டி இருக்கிறவரைக்கும்தான் நான் நைனா முகமது என்று சைபுன்னிசாவிடமே சொல்லியிருக்கிறார். ஆகவே வண்டியைத் தூக்கி நிறுத்துவது என்று முடிவு செய்தார். அந்த வருடத்து எஃப்.சி. சோதனை முடிந்த கையோடு பெரிய டயர் நாலு வாங்கி வந்தார்.

வாசலில் டயரைப் பார்த்த சைபுன்னிசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முட்டி வலிக்குதுன்னு மூணு வருசமா நான் சொல்லிகினு கெடக்கறேன். நீங்க வண்டிக்குப் புதுக்காலு வாங்கிகினு வந்து நிக்கறீங்க."

மெக்கானிக் மருதமுத்து டயரை மாட்டிப் பார்த்தான். பின் சக்கரம் லோடு ஏறினால் மட்கார்டில் உரசும் போலிருந்தது. அதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தான். வண்டி எழுந்து நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. நைனா முகமது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஒசரம் ஏறியிருக்குது பாய். அந்தக் கம்பிகிட்ட பாத்துப் போங்க," என்றான் மருதமுத்து. உன் வயசு எனக்கு அந்தக் கம்பியோடு பழக்கம், நீ எனக்குச் சொல்கிறாயா என்று இவர் அவன் வாயை அடைத்தார்.

புது டயருக்கு முதல் லோடு சுப்பிரமணியனுடையது. சுப்பிரமணியன் யார் என்றால், கான்ட்ராக்ட் காலத்தில் இவரோடு ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவர். அவர் பெயர் லிஸ்டில் வந்த அன்றிலிருந்து நைனா முகமது இரண்டு மாதம் பேச்சை நிறுத்திக்கொண்டார். பிறகு அவரே போய் டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். அந்த சுப்பிரமணியன் இப்போது ரிட்டையர் ஆகி, திருவதிகையில் கட்டிய வீட்டுக்குக் குடிபோகிறார். அவர் வீட்டுச் சாமானை வேறொருவன் ஏற்றுவதா என்று நைனா முகமது இரண்டு மாதம் முன்பே நாள் குறித்து வைத்திருந்தார்.

காலையில் மெயின் கேட் வழியாக உள்ளே வந்தார். அங்கே கம்பி கிடையாது. பீரோ, கட்டில், கிரைண்டர், அவர் மனைவி கஸ்தூரியம்மாளின் பதினான்கு பூந்தொட்டி என்று வண்டி நிறைய ஏற்றினார்கள். கணவனும் மனைவியும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். குறுக்கு வழியில் கம்பிக்குக் கீழே வந்ததும், எப்போதும் போல வண்டியை நிறுத்தினார். சுப்பிரமணியன்தான் மேலே ஏறிக் கையை விட்டுப் பார்த்தார். ரெண்டு விரல் இருக்கிறது என்றார். நாலு இருந்த இடத்தில் ரெண்டு. பரவாயில்லை, போதும் என்று நைனா முகமது வண்டியை எடுத்தார். இதற்குப் போய் மருதமுத்து பயங்காட்டினானே என்று வழியெல்லாம் சிரிப்பு.

திருவதிகையில் சாமானை இறக்கி, கஸ்தூரியம்மாள் வாங்கிவரச் சொன்ன சாப்பாட்டை முடித்து உட்கார்ந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. குவார்ட்டர்ஸ் சாவி சுப்பிரமணியனின் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்றைக்கு ஐந்து மணிக்குள் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். காலையில் கொடுக்கப் போனபோது, வீட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் பிடித்துப் போனால் ஆகாது, வா என்று நைனா முகமது அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

காலி வண்டி. புது டயர். பண்ருட்டி ரோட்டில் வண்டி பறந்தது. குறுக்கு வழியில் திரும்பும்போது நாலே முக்கால். கம்பிக்குப் பத்தடி முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

பத்தொன்பது வருடத்தில் காலி வண்டியோடு அந்தக் கம்பியை அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. லோடு இருந்தால்தான் நிறுத்துவார், இறங்குவார், அளப்பார். சாமான் ஏற்றுகிற எல்லாருக்கும் அதுதான் பழக்கம். காலையில் பீரோவும் கிரைண்டரும் பதினான்கு தொட்டியும் சேர்ந்து புதுப் பட்டைகளை அமுக்கி வைத்திருந்தன. பாரம் இறங்கியதும் வண்டி உயர்ந்துவிட்டது. அமுங்காமல் நிற்கிற அந்த வண்டியை யாரும் அளந்து பார்க்கவில்லை. இப்போது அதன் வளைவு கம்பியைவிட ஒரு விரல் உயரம். வேகத்தடை வேறு தூக்கிப் போட்டது.

சத்தம் கடைசி பிளாக் வரைக்கும் கேட்டிருக்கிறது. குழாய் வளைந்து கொடுத்திருந்தால் வண்டி பிழைத்திருக்கும். பாழாய்ப்போன குழாய் அசையவே இல்லை. அதைப் பற்றவைத்திருந்த சேஸ்தான் கேபினுக்குப் பின்னால் கிழிந்து, வண்டி நடுமுதுகில் ஒடிந்து நின்றது. சுப்பிரமணியனுக்கு நெற்றியில் சிராய்ப்பு. நைனா முகமதுவுக்கு உதடு கிழிந்து ரத்தம். இருவரும் இறங்கி வந்து பார்த்தார்கள். பிறகு நைனா முகமது நண்பனின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"டேய் மணி, நீ போ. அஞ்சுக்கு மூடிடுவான்."

"உன்ன இப்புடி விட்டுட்டு எங்கடா போறது?"

"எனக்கு ஆனது ஆயிப்போச்சி. நீயாவது சாவியக் குடுத்துட்டு வா."

சுப்பிரமணியன் ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் திரும்பி வந்தபோது, நைனா முகமது வண்டியின் நிழலில் உட்கார்ந்து சட்டை நுனியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு இழுத்து வந்த பிறகு மருதமுத்து வண்டிக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்தான். வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"பத்தவெச்சிக் குடுன்னா குடுத்துடுவேன் பாய். நாளைக்கு ஒரு குடும்பத்தோட சாமான ஏத்திகினு போறப்ப ரோட்டுல ரெண்டாப் போனா யாரு பதில் சொல்றது?"

பனை உயரத்துக்குக் குதித்துக் கத்துவார் என்று எதிர்பார்த்து அவன் இரண்டடி தள்ளித்தான் நின்றான். அவர் கத்தவில்லை. மழையில் நனைந்த நெல்லை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தார். கம்பி போட்டவனை, குழாயை ஏலம் விட்டவனை, டயர் விற்றவனை, குழம்பில் உப்பை, எல்லாவற்றையும் திட்டினார். சைபுன்னிசா எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். மூன்றாம் நாள் அவரே, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்றார். அதற்கும் ஆமாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வடலூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரர், வண்டியை இழுத்து வந்து கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வண்டியை இழுத்துப் போவதற்கு முந்தைய நாள் நைனா முகமது ஒரு வேலை செய்தார். மாடியில் கிடந்த பழைய டயர்களை இறக்கி, மருதமுத்துவின் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனார். புது டயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டு, நீ சேர்த்த பட்டையையும் உருவிவிடு என்றார். புது டயர் என்றால் விலைக்குப் போகும், அதற்காக என்று அவன் நினைத்துக்கொண்டான். பட்டையை ஏன் உருவ வேண்டும் என்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. அது பழைய காலிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். ஒடிந்த இடத்தில் இருபுறமும் இரும்புச் சட்டம் வைத்து மருதமுத்து முறுக்கிக் கட்டினான். வண்டி ஏறக்குறைய நேராக நின்றது.

மறுநாள் காலை சுப்பிரமணியன் திருவதிகையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. வந்ததும் கேபினில் தன் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிராக்டர் முன்னால் இழுக்க, நைனா முகமது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மெயின் ரோடு வழியாகப் போகலாமே என்ற டிராக்டர்காரனிடம், குறுக்கு வழியிலேயே போ, மெதுவாகப் போ என்றார்.

கம்பிக்குக் கீழே வளைவு வந்ததும் ஹாரனை அடித்தார். இன்ஜின் ஓடாவிட்டாலும் அது ஒலித்தது. டிராக்டர் நின்றது. நைனா முகமது இறங்கி, பின்னால் ஏறி, வளைவின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே கையை விட்டார்.

"எவ்ளோ இருக்குது?" என்று கேபினிலிருந்து சுப்பிரமணியன் கேட்டார்.

பிறகு சுப்பிரமணியனும் இறங்கி வந்து, அண்ணாந்து பார்த்து, மறுபடி கேட்டார்.

"நாலு," என்றார் நைனா முகமது. கையை வெளியே எடுக்காமல், அப்படியே நின்றபடி அழுதார். டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான்.